பன்னிரண்டாம் மைலைத் தாண்டும் ரேடியேட்டர்

வெர்னீஸ் டாலிவரின் வண்டி நான்கு வருடமாக உட்வர்ட் சாலையில் ஊரறியக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டைச் சுற்றியிருக்கும் அத்தனை பழைய வண்டிகளும் அந்தச் சாலையில் இறங்கி, நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் வடக்கே ஊரும். வழியில் மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை, அதற்கு எட்டாம் மைல், ஒன்பதாம் மைல் என்று எண்தான் பெயர். உட்வர்டின் இரண்டு ஓரத்திலும் ஜனங்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் முதல் வருடம் பத்தாம் மைல் சிக்னலில் அவளுடைய பானட்டிலிருந்து நீராவி கிளம்பியது. அடுத்த வருடம் பதினொன்றாம் மைல். அதற்கடுத்த வருடமும் பதினொன்று. போன வருடம் பன்னிரண்டு. முன்னேற்றம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம்.

வண்டி 1968ஆம் வருடத்து பான்ட்டியாக் ஜி.டி.ஓ. கரும்பச்சை நிறம், நானூறு கன அங்குல இன்ஜின். மிதித்தால் முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பாதித்த பணத்தில், யாரிடமும் கேட்காமல் அவளே தேடி வாங்கியது. பேருந்தில் அறுபது பிள்ளைகள் கத்தினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். சொந்தத் தம்பியைத்தான் அடக்க முடியவில்லை.

தம்பி லமான்ட் வருடா வருடம் பன்னிரண்டாம் மைல் முனையில்தான் நாற்காலி போடுவான். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பான். போன வருடம் ஒரு அட்டையும் கூட இருந்தது: 'எங்க அக்கா கொதிக்கும் இடம்.' ஜனம் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

ஜூலை நாலாம் தேதி, குடும்பம் மொத்தமும் கூடியிருந்த பூங்காவில், பன்றி விலா வெந்துகொண்டிருந்த அடுப்பை வைத்துக்கொண்டே லமான்ட் அவளைச் சீண்டினான்.

"அக்கா, இந்த அடுப்பு ரொம்ப சூடாகுதே. உன் வண்டியில இருந்த ரேடியேட்டரைக் கழட்டி மாட்டிட்டாங்களா?"

ஐம்பது பேர் சிரித்தார்கள். வெர்னீஸுக்குச் சுருக்கென்றது. தட்டைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம் வடக்க பான்ட்டியாக் ஊர் வரைக்கும் போவேன்டா. ஒரு சொட்டு கொதிக்காம போவேன்."

"கொதிச்சா?"

"கொதிச்சா வண்டியை உனக்கே வித்துடறேன். நீ சொல்ற விலைக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஐம்பது பேர் காதில் விழுந்த வார்த்தை. டாலிவர் வீட்டில் அப்படிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் கிடையாது.

அடுத்த ஒரு மாதம் அவள் செய்யாத வைத்தியம் இல்லை. தெர்மோஸ்டாட் மாற்றினாள், மூடி மாற்றினாள், தண்ணீர் பம்பு மாற்றினாள், உள்ளே மருந்து ஊற்றிக் கழுவினாள். சூடு காட்டும் முள் மட்டும் கீழே இறங்கவில்லை. கடைசியில், சாலையில் இறங்க ஐந்து நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலையில் ரேடியேட்டரையே கழற்றிப் பேருந்து ஓட்டுநர் சீருடையோடு சபா கோர்கிஸின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

சபா இராக்கிலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர். ஏழாம் மைல் சாலையில் முப்பது வருடமாக ரேடியேட்டர் கடை வைத்திருக்கிறார். அவரும் வெர்னீஸும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவருக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு அவர் அண்ணன். அவர் ரேடியேட்டரைச் சாய்த்து வைத்துச் சுடுதண்ணீரை ஓடவிட்டார். குழாய் குழாயாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இங்க கையை வெச்சுப் பாரு தங்கச்சி."

வைத்தாள். சுட்டது.

"இப்ப இங்க."

ஜில்லென்றிருந்தது. அதற்கடுத்த குழாயும் ஜில். பாதி ரேடியேட்டரில் தண்ணீரே ஓடவில்லை.

"பழைய ஓனர் குழாய்த் தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ள சுண்ணாம்பு கட்டிப் போச்சு. நீ நாலு வருஷமா பாதி ரேடியேட்டர்ல ஓட்டியிருக்க. பன்னெண்டு வரைக்கும் போனதே பெரிசு."

வெர்னீஸுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நோய் தெரிந்துவிட்டது. நான்கு வருடம் இன்ஜினைச் சந்தேகப்பட்டிருந்தாள், தன்னைக்கூடச் சந்தேகப்பட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் குழாய்கள். இனி வேறு ஒன்று வாங்கி மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

எதை வாங்குவது என்பதில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

சபா மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பித்தளையும் செம்பும், அந்தக் காலத்து மாதிரி. பழைய ரேடியேட்டரின் இரண்டு பக்கத் தொட்டிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை மட்டும் நாலு வரிசைக் குழாயாகப் புதிதாகப் பற்றவைத்துத் தருவார். தொட்டியில் அடித்திருக்கும் எண்ணும் தேதியும் அப்படியே இருக்கும். இன்னொன்று அலுமினியம். இரண்டே வரிசை, ஆனால் ஒவ்வொரு குழாயும் அகலம். ஒரு கையால் தூக்கலாம். கண்ணைக் கூசும் வெள்ளி நிறம்.

"எது நல்லா குளிர வைக்கும்ணே?"

"நெடுஞ்சாலையில பறந்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நீ பறக்கப் போறதில்ல, ஊர்ந்துதான் போகப் போற. நாலு வரிசைன்னா தடிமன் ஜாஸ்தி. மெதுவா போறப்ப காத்து உள்ள நுழைய திணறும். உட்வர்ட்ல போறதுக்கு அலுமினியம்தான்."

"பித்தளைன்னா பான்ட்டியாக் போய்ச் சேரவே முடியாதா?"

"சேரலாம். சேராமலும் போகலாம். உன் வண்டி, நீதான் சொல்லணும்."

இந்த இடத்தில் வெர்னீஸின் இன்னொரு ஆசையையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஃபெர்ன்டேல் பள்ளி மைதானத்தில் அவளுடைய பழைய வண்டிச் சங்கத்தின் போட்டி. அசல் பிரிவில் போன வருடம் அவளுக்கு இரண்டாம் பரிசு. தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது விதி. நடுவர்கள் திருகாணியின் தலையில் இருக்கும் எழுத்தைக்கூடக் குனிந்து பார்ப்பார்கள். வெள்ளி நிற ரேடியேட்டரைப் பார்த்தால் பேப்பரை மூடிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். இந்த வருடம் முதல் பரிசு தனக்குத்தான் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள்.

ஒரு கணம் யோசித்தாள். உடனே முகம் மலர்ந்தது. இதற்கு ஊர் முழுக்கத் தெரிந்த வழி ஒன்று உண்டே. அலுமினியத்தை வாங்கிக் கறுப்படித்து மாட்டிவிட்டால் பழையது போலத்தான் தெரியும். சங்கத்தில் பாதிப் பேர் செய்கிற திருட்டுத்தனம்தான் அது.

"அலுமினியத்தையே கொடுங்கண்ணே," என்றாள். பெயின்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அங்கேதான் தப்பு செய்தாள்.

செவ்வாய்க்கிழமை கோடை வகுப்புப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் கராஜில் உட்கார்ந்து ரேடியேட்டருக்கு அலங்காரம் பண்ணத் தொடங்கினாள். சேசிஸுக்கு அடித்து மிச்சமிருந்த பளபளப்பான கறுப்பு பெயின்ட் முதல் கோட்டு. அது காய்ந்ததும் இரண்டாவது. ஒரு மூலையில் வெள்ளி தெரிவதாகத் தோன்றியது, மூன்றாவது. அதற்கு மேல் பளபளப்பு நிற்க ஒரு வார்னிஷ். முன்பக்கம், பின்பக்கம், குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளின் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. பிறந்தநாள் கேக்குக்குக்கூட அவள் அத்தனை சிரத்தை காட்டியதில்லை. புதன்கிழமை மாட்டினாள். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்த்தாள். தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது போலிருந்தது. தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எட்டாம் மைல் சாலை நெரிசலில் சோதனைக்கு எடுத்துப் போனாள். முதல் சிக்னலில் முள் நூற்றித் தொண்ணூறு ஃபாரன்ஹீட். பாடிக்கொண்டே ஓட்டினாள். இரண்டாவது சிக்னலில் இருநூற்றிப் பத்து. பாட்டு நின்றது. நான்காவதில் இருநூற்றி இருபத்தைந்து, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கி இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஐந்தாவது வருடமும் போச்சு என்றுதான் நினைத்தாள்.

சூடு ஆறியதும் சபாவின் கடைக்கு மெல்ல ஓட்டி வந்தாள். அவர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தவர் நிமிரவேயில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஆகஸ்ட் மாசத்துல இதுக்குக் கம்பளி போத்தினது யாரு?"

"எல்லாரும்தானே அடிக்கிறாங்க."

"லேசா ஒரு ஊது ஊதுவாங்க. நீ தார் ரோடே போட்டு வெச்சிருக்க. இந்தத் தகட்டைப் பாரு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. காத்து எந்த வழியா போகும்?"

"சுரண்டி எடுக்க முடியாதா?"

"எடுத்தா தகடும் சேந்து வந்துரும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதே அளவில் இன்னொரு அலுமினியம் அலமாரியில் இருந்தது. இல்லாவிட்டால், கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் நாளைச் சாயங்காலத்துக்குள் பித்தளையையும் முடித்துத் தர முடியும். அவரே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"அலுமினியம் வேணும்னா ஒண்ணு. பெயின்ட் டப்பா பக்கம் போக மாட்டேன்னு சொல்லு, அப்பதான் தருவேன். லேசா அடிக்கிறேன்னும் சொல்லாத, உன் லேசு எப்படி இருக்கும்னு பாத்துட்டேன்."

வெர்னீஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பித்தளை என்றால் முதல் பரிசுக் கோப்பை கிட்டத்தட்ட கையில். ஆனால் சாலையில் என்ன ஆகும் என்று சத்தியம் பண்ண முடியாது. வெள்ளி நிற அலுமினியம் என்றால் காலையிலேயே அவமானம். முதல் பரிசுக்காக அவள் பல் துலக்கும் பிரஷை வைத்து அந்த வண்டியின் அடிவயிற்றைத் தேய்த்திருக்கிறாள். கோப்பையை வைத்துக்கொண்டு, வண்டி லமான்ட் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்க்கிறதா என்று யோசித்ததும் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"வெள்ளியையே கொடுங்கண்ணே. ஓட்டத்தானே வண்டியை வாங்கினேன்."

சனிக்கிழமை காலை மைதானத்தில் நடுவர் பானட்டுக்குள் குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"இது என்னங்க, இப்படிப் பளபளங்குது?"

"ரேடியேட்டர்."

"அது தெரியுது. அசல் பிரிவுல இதை எப்படி..."

"நிறுத்த முடியாதுன்னு தெரியும். எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க, கொண்டு போறேன்."

மைதானத்தின் மறு கோடியில், மாற்றம் செய்த வண்டிகளின் வரிசையில், பக்கவாட்டில் நெருப்பு ஜுவாலை வரைந்த வண்டிக்கும் பின்சக்கரம் ஆளுயரம் இருந்த வண்டிக்கும் நடுவில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜுவாலைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வரிசையா? நல்லதாப் பாத்து எடுத்திருக்கீங்க," என்றார். அந்த வருடம் அவளுக்குக் கிடைத்த பரிசு அவ்வளவுதான். பரவாயில்லை, வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒன்பதாம் மைலில் இறங்கினாள். வெயில் ஃபாரன்ஹீட்டில் தொண்ணூற்று மூன்று டிகிரி. முன்னால் ஒரு மஸ்டாங் வண்டி, பின்னால் ஒரு ஷெவெல், இரு பக்கமும் நாற்காலிகள், பொரித்த வெங்காய வாசனை, கொடிகள், குழந்தைகள். இன்ஜின் உறுமும்போதெல்லாம் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டே இன்னும் ஒருதடவை என்று சைகை காட்டினார்கள். பத்தாம் மைல், நூற்றித் தொண்ணூறு. பதினொன்றாம் மைல், நூற்றித் தொண்ணூற்றைந்து. வெர்னீஸ் முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த மஸ்டாங்காரர் இரண்டு தடவை கையசைத்ததையும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாம் மைல் முனையில் லமான்ட் அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நீராவி வரும் வரும் என்று பானட்டையே பார்த்தான். வண்டி அவனைத் தாண்டி ஊர்ந்தது. அவன் அட்டையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்தான். பிறகு கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டான்.

"சாட்சி வேணும்ல," என்றான். அடுத்த நொடியே முகத்தைச் சுளித்தான். "அக்கா, இது வண்டியா இல்ல அடுப்பா? என்ன இப்படி அனலடிக்குது?"

அவன் குனிந்து கால் பக்கம் கையை நீட்டினான். சுடுகாற்று குப்பென்று அடித்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஹீட்டர் போட்டிருக்க."

"குளிருச்சு."

"தொண்ணூத்து மூணு டிகிரியில உனக்குக் குளிருச்சா? ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்க்கா. இன்ஜின் சூட்டை உறிஞ்சி நம்ம மேல ஊதுது. எங்கிட்டயேவா? அணை அதை."

"பந்தயத்துல ஹீட்டரைப் பத்திப் பேச்சே வரல."

"ஐம்பது பேர்கிட்ட சொல்லவா, அக்கா ஆகஸ்ட்ல ஹீட்டர் போட்டு ஜெயிச்சான்னு?"

அவள் உதட்டைக் கடித்தாள். அவன் சொன்னது நியாயம். ஒன்பதாம் மைலில் ஏறி உட்கார்ந்ததும் கை தானாகப் போய் ஹீட்டர் பிடியைத் தள்ளியிருந்தது. நான்கு வருடப் பயம் கையில் ஊறிக் கிடந்தது. ஆனால் கோப்பையை விட்டுக்கொடுத்து வாங்கிய ரேடியேட்டரை அவளே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? பிடியை இந்தப் பக்கம் தள்ளி அணைத்தாள். பான்ட்டியாக்குக்கு இன்னும் ஒன்பது மைல் இருந்தது.

பதினான்காம் மைலுக்குச் சற்று முன்னால் வரிசை அப்படியே நின்றுவிட்டது. எங்கோ முன்னால் ஒரு வண்டி கொதித்துக் குறுக்கே நின்றிருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. காற்று என்பதே இல்லை. முள் இருநூறைத் தாண்டியது.

"அணைச்சுட்டு நில்லேன்க்கா," என்றான் லமான்ட். குரலில் கேலி இல்லை.

"அணைச்சா அப்புறம் நீயே சொல்லுவ, அணைச்சு அணைச்சு ஓட்டினான்னு. ஓடட்டும்."

இருநூற்றி ஐந்து. இருநூற்றிப் பத்து. லமான்ட் முள்ளின் பக்கம் சாய்ந்துகொண்டான். அவனுடைய நெற்றி வியர்வை அவள் தோளில் சொட்டியது. இருநூற்றிப் பன்னிரண்டு. அக்காவும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முள் அங்கேயே நின்றது. ஓரத்திலிருந்து யாரோ, "அந்தப் பச்சை வண்டியை ஒரு மிதி மிதிங்க," என்று கத்தினார்கள். அவள் அசையவில்லை. பத்து நிமிடம் முழுதாக நின்றன, முள்ளும் வண்டியும். பிறகு, அவள் கண்ணை நம்பாமல் குனிந்து பார்க்கும்போதே, முள் ஒரு நூலளவு கீழே இறங்கியது.

"இறங்குதுக்கா," என்றான் லமான்ட் மெதுவாக. "நின்ன எடத்துலயே இறங்குது."

"பாத்துட்டுத்தான்டா இருக்கேன்."

வரிசை நகர்ந்தது. வழியில் இருந்த பர்மிங்ஹாம் ஊரைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. வெர்னீஸ் லேசாக மிதித்தாள். வண்டி ஒரு உறுமல் உறுமிப் பாய்ந்தது. இருவருடைய தலையும் பின்னால் போய் மோதின. நூற்றித் தொண்ணூறு. நூற்றி எண்பத்தெட்டு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பன்னிரண்டாம் மைலுக்கு வடக்கே இந்தச் சாலையில் இத்தனை மேப்பிள் மரங்கள் நிற்பதையே இந்த ஊர்வல நாளில் அவள் பார்த்ததில்லை. எப்போதும் இழுவை வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து தெற்கே பார்த்துத்தான் போயிருக்கிறாள்.

மணி நாலுக்கு பான்ட்டியாக் ஊரின் பெயர்ப்பலகையைத் தாண்டி, ஒரு சோடாக் கடை வாசலில் நிறுத்தினாள். லமான்ட் இறங்கினான். தரையில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தான். உள்ளங்கையால் தரையைத் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தான். சொட்டு ஈரமில்லை. கடை வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வெர்னீஸுக்கு ஆட வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் ஆடவும் ஆடினாள். சிவப்பு சோடா இரண்டு வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுடா. ஏதாவது சொல்லு. எவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருப்ப?"

"கராஜைக் காலி பண்ணிட்டேன்க்கா," என்றான்.

"எதுக்கு?"

"வண்டியை விடறதுக்கு. அதுல இருந்த என் படகை வித்துட்டேன். சுவத்துக்கு வெள்ளையடிச்சேன், விளக்குப் போட்டேன்."

"எப்படா இதெல்லாம்?"

"ஜூலை அஞ்சாம் தேதி."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. பந்தயத்துக்கு மறுநாளே படகை விற்றிருக்கிறான். நான்கு வருடமும் வெயிலில் நாற்காலி போட்டு அவளைக் கேலி பண்ணத்தான் உட்கார்ந்தான் என்று நினைத்திருந்தாள். அவன் உட்கார்ந்தது இந்த வண்டியை ஆசையாகப் பார்க்கத்தான்.

"இது எனக்குத்தான். தர மாட்டேன்," என்றாள்.

"தெரியும். பாத்தேனே."

"கராஜை ஏன் சும்மா போட்டு வெக்கணும்? படகு வித்த காசு இருக்குல்ல. நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் கிளம்பு. உனக்கு ஒண்ணு தேடுவோம்."

லமான்ட் சோடாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். வாய் ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டான்.

"நான் வாங்கினா அதுவும் கொதிக்கும்க்கா. எனக்கு ரேடியேட்டரைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா," என்றாள் வெர்னீஸ்.